ஈ85 டியூனிங்: மெல்பேர்ணில் ஓடிய கார், வெள்ளவத்தையில் எழுதிய மேப்

2022 மார்ச் மாத இறுதியில், கொழும்பில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றுபோன அந்த நாட்களில்தான், எதனோலில் ஓடும் டேர்போ இயந்திரம் ஒன்றை முதன்முதலாக டியூன் செய்யத் தொடங்கினேன். டியூன் செய்தது என்னுடைய காரை அல்ல. அது வெள்ளவத்தையில் வீட்டு முன்றிலில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. மெல்பேர்ணில் வசிக்கும் என் மாமாவின் மகன் தன்னுடைய மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9 காரை, பெயரளவில் 85 வீதம் எதனோலும் மீதி பெற்றோலும் கலந்த ஈ85 எரிபொருளுக்கு மாற்ற விரும்பினான். அங்கே சில எரிபொருள் நிலையங்களில் சாதாரண பெற்றோலுக்குப் பக்கத்திலேயே ஈ85 பம்பும் இருக்கிறது. என் காரிலும் அதே 4ஜி63 இயந்திரம் இருப்பதாலும், எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று காரின் கணினிக்குச் சொல்லும் அதன் மேப் அட்டவணைகளோடு நான் பல வருடங்களாகப் பழகியிருப்பதாலும், "மச்சான், நீயே எழுதித் தா" என்று அவன் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

வேலை நடந்த முறை எளிமையானது. சாதாரண ஓட்டத்தின் பதிவுகளை அவன் வீதியில் எடுத்து அனுப்புவான். இயந்திரத்தை முழு வலுவுக்கு இழுக்கும் பதிவுகள் டைனோவிலோ (காரின் வலுவை அளக்கும் கருவி) ஓட்டப்பாதையிலோ மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என்பது என்னுடைய நிபந்தனையாக இருந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து மடிகணினியை மின்னேற்றி, இருட்டில் அந்தப் பதிவுகளை வரி வரியாகப் படித்து, திருத்திய மேப்பைத் திருப்பி அனுப்புவேன். காரின் ஒலியைக் கேட்காமல், எண்களை மட்டும் பார்த்து டியூன் செய்ய நேர்ந்தது எனக்கு நன்மையாகவே முடிந்தது. எதனோலைப் பொறுத்தவரை காதை நம்பக்கூடாது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

எதனோல் பெற்றோலைவிட வலுவான எரிபொருள் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கைப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 43 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு கிலோகிராம் எதனோலில் ஏறத்தாழ 27 மெகாஜூல்தான் இருக்கிறது. ஆனால் இயந்திரத்தின் எல்லையைத் தீர்மானிப்பது தாங்கியிலுள்ள எரிபொருள் அல்ல, சிலிண்டருக்குள் புகக்கூடிய காற்று. ஒரு கிலோகிராம் பெற்றோல் முழுமையாக எரிய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு கிலோகிராம் எதனோலுக்கு 9 கிலோகிராம் போதும். ஆகவே ஒரு கிலோகிராம் காற்றைக் கொண்டு எரிக்கும்போது பெற்றோல் தருவது ஏறத்தாழ 2.9 மெகாஜூல், எதனோல் தருவது ஏறத்தாழ 3.0 மெகாஜூல். வித்தியாசம் மிகச் சிறிது. பெற்றோலுக்கு எழுதிய டைமிங்கையும் (தீப்பொறி விடும் நேரம்) பூஸ்டையும் (டேர்போ காற்றை அமுக்கி ஏற்றும் அழுத்தம்) தொடாமல், எரிபொருள் அளவை மட்டும் சரிசெய்து எதனோலை ஊற்றி ஓட்டினால், பெரிதாக எதையும் உணர மாட்டீர்கள். மச்சானின் முதல் டைனோ ஓட்டத்தில் நாங்கள் கண்டதும் அதுவே. அவனுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. தொலைபேசியில் அரை மணித்தியாலம் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

வலு வேறு வழியால் வருகிறது. டேர்போ இயந்திரத்தில் பிளக் தீப்பொறி விட்டபின் சுவாலை சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் நிற்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்குதலைத் தாங்க முடியாமல் அது சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடித்தெழுவதைத்தான் கராஜ்களில் நொக் என்கிறோம். பிஸ்டனின் வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்புகளை உடைப்பதும், கெஸ்கட்டைத் தின்பதும் இதுவே. பூஸ்டைக் கூட்டினாலும் நொக் நெருங்கும். தீப்பொறியை முற்படுத்தினாலும் நெருங்கும். அதனால் பெற்றோலில் ஓடும் டேர்போ காரின் மேப்பில், முறுக்குவிசை உச்சமாக இருக்கும் இடத்தில் தீப்பொறியை வேண்டிய அளவைவிடத் தாமதப்படுத்தியே எழுதுகிறோம். தாமதமாக எரியும் கலவையின் சக்தியில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. இயந்திரம் தரக்கூடிய வலுவில் ஒரு பங்கை நாம் நொக்குக்கு அஞ்சிக் கைவிடுகிறோம் என்பதே இதன் பொருள்.

எதனோல் அந்த அச்சத்தை இரண்டு வழிகளில் குறைக்கிறது. நொக்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் எண் அதற்கு ஏறத்தாழ 108. அதைவிட முக்கியமானது, பலர் கணக்கில் எடுக்காத அதன் குளிர்விக்கும் ஆற்றல். ஒரு கிலோகிராம் எதனோல் ஆவியாக ஏறத்தாழ 900 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றத்திலிருந்து உறிஞ்சுகிறது. பெற்றோலுக்கு இது ஏறத்தாழ 350 கிலோஜூல். ஒரே அளவு காற்றுக்கு எதனோல் கூடுதலாகத் தெளிக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு கிலோகிராம் காற்றிலிருந்தும் அது பெற்றோலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தை எடுக்க வல்லது. தெளிக்கப்படுவது முழுவதும் வால்வு மூடுமுன் ஆவியாகிவிடுவதில்லை. சுவர்களிலும் வால்வின் முதுகிலும் ஒரு பகுதி ஆவியாகிறது. அப்படியிருந்தும் அமுக்கத்தின் தொடக்கத்தில் கலவை குளிர்ந்திருப்பதால், முடிவில் அடையும் வெப்பநிலையும் தாழ்ந்தே நிற்கிறது. டேர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் இன்னொரு இன்டர்கூலர் பொருத்தியதைப் போன்ற நிலை இது. உச்சிவேளையில் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவே நெரிசலில் ஊர்ந்துவிட்டு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை அளவியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, இந்த வேலையில் மிகுந்த உழைப்பை வாங்கிய பகுதிக்கு வருகிறேன். அது எரிபொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரிடம் நான் இருபது வருடங்களாகப் போய்வருகிறேன். அவருடைய கையில் எதனோல் கார் ஒன்று வந்ததில்லை. ஆனால் கார்பரேட்டர் காலத்திலிருந்து இயந்திரங்களைப் படித்தவர். மச்சானின் கார் பற்றி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டு போனபோது அவர் இடைமறித்தார்: "முதல்ல எண்ணெய் வார வழியப் பாருங்க தம்பி. மேப்ப பிறகு எழுதலாம்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த ஒரு வசனம் எவ்வளவு சரியானது என்பது தெரிந்தது.

எவலூஷன் 9 காரின் தொழிற்சாலை இன்ஜெக்டர் ஒன்று நிமிடத்துக்கு 560 மில்லிலீற்றர் தெளிக்கக்கூடியது. நான்கும் சேர்ந்து 2240. இன்ஜெக்டரை அதன் திறனில் 85 வீதத்துக்கு மேல் ஓட்டாமல் வைத்துக்கொண்டால் கைக்கு வருவது ஏறத்தாழ 1900. டேர்போ இயந்திரம் பெற்றோலில் ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.8 மில்லிலீற்றர் கேட்கும் என்று வைத்தால், இது ஏறத்தாழ 330 குதிரைவலு வரை போதுமானது. ஈ85க்கு அதே காற்றுக்குக் கனவளவில் ஏறத்தாழ 40 வீதம் கூடுதலான எரிபொருள் வேண்டும்; ஆகவே ஒரு குதிரைவலுவின் தேவை 8.1 மில்லிலீற்றராக உயர்கிறது. அப்போது அதே இன்ஜெக்டர்கள் 235 குதிரைவலுவோடு நின்றுவிடும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அந்தக் காருக்கு இருந்த வலுவே 280 குதிரைவலு. அதாவது இன்ஜெக்டரை மாற்றாமல் ஈ85 ஊற்றினால், காரின் பழைய வலுவைக்கூட எட்ட முடியாது; எட்ட முயன்றால் உயர் சுழற்சியில் கலவை மெலிந்து இயந்திரம் சிதையும். 1000 மில்லிலீற்றர் இன்ஜெக்டர்களை வாங்கும்படி எழுதினேன். அதே கணக்கின்படி அவை ஏறத்தாழ 420 குதிரைவலு வரை தாங்கும்.

பம்பின் விடயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எரிபொருள் அழுத்தச் சீராக்கி, உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்துக்கு மேலே எப்போதும் 3 பார் அளவைப் பேணுகிறது. பூஸ்ட் 1.4 பார் ஏறும்போது பம்ப் 4.4 பார் அழுத்தத்தை எதிர்த்து எரிபொருளைத் தள்ள வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லீற்றர் கணக்கு பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில் அளந்ததாகவே இருக்கும். அழுத்தம் ஏற ஏறப் பாயும் அளவு விழும். பழைய மெல்லிய வயரில் மின்னழுத்தமும் இழக்கப்பட்டால் இன்னும் விழும். எனவே எதனோலுக்கு ஏற்றதென்று தயாரிப்பாளரே உறுதி சொல்லும் பெரிய பம்பையும், மின்கலத்திலிருந்து நேரடியாக வரும் தடித்த வயரையும், எரிபொருள் அழுத்தத்தை லொக்கில் (ஓட்டப் பதிவில்) பதியும் உணரியையும் ஒன்றாகவே பொருத்தச் சொன்னேன். அழுத்த உணரி ஆடம்பரம் என்று மச்சான் நினைத்தான். என் பார்வையில் அது இல்லாமல் எதனோல் காரை முழு வலுவில் ஓட்டக்கூடாது.

இறப்பர் குழாய்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதனோலைக் கருதாமல் செய்யப்பட்ட பழைய இறப்பர் அதில் ஊறி இளகக்கூடும். உட்புறம் டெஃப்லோன் பூசிய குழாய்கள் பாதுகாப்பானவை. மேலும் எதனோல் பழைய தாங்கியில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கழுவிக் கொண்டுவருவதால், முதல் சில தாங்கி எரிபொருளுக்குப் பின் வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். பிளக் ஒரு படி குளிர்மையானதாக, அதாவது வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவதாக, இருப்பது நல்லது. என்ஜிகே பிளக்குகளில் வெப்ப எண் கூடக்கூடப் பிளக் குளிர்மையாகும் என்பதால் 7 இருந்த இடத்தில் 8 போட்டோம்.

இத்தனையும் முடிந்து கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதனோல் டியூனிங்கில் நான் இன்று பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி அன்றுதான் பிறந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மச்சான் சான்டவுன் ஓட்டப்பாதைக்குப் போனான். வழியில் வழமையான நிலையத்தில் எரிபொருள் இல்லாததால் வேறொரு நிலையத்தில் ஈ85 நிரப்பினான். கொழும்பில் இன்னும் விடியவில்லை; தொலைபேசி அடித்தது. "மச்சான், கார் இண்டைக்கு ஏதோ மந்தமாயிருக்கு" என்றான். ஓட்டத்தை நிறுத்தி, லொக்கை அனுப்பச் சொன்னேன்.

கலவையின் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் எண் லம்டா; 1 என்றால் சரிசமம், அதற்குக் கீழே போகப்போகக் கலவையில் எரிபொருள் கூடுதல். முழு வலுவில் நாங்கள் குறிவைத்த லம்டா 0.78. பதிவில் இருந்தது 0.72. மூன்றாம் கியரில் கணினி நொக்கை உணர்ந்து தீப்பொறியை 2 பாகை பின்னிழுத்திருந்தது. நெடுஞ்சாலையில் அமைதியாக ஓடிய பகுதியைப் பார்த்தால், கணினி தானாகவே எரிபொருளை 8 வீதம் குறைத்து ஓட்டியிருந்தது. மூன்று எண்களும் ஒரே செய்தியைச் சொல்லின. தாங்கியில் இருந்தது நாங்கள் மேப் எழுதிய 85 வீத எதனோல் அல்ல, ஏறத்தாழ 70 வீதம். எதனோல் குறையும்போது கலவைக்கு வேண்டிய எரிபொருளும் குறைகிறது. மேப் பழைய அளவையே தெளிப்பதால் கலவை தடிக்கிறது. அதே வேளையில் டைமிங் 85 வீதத்துக்கு எழுதப்பட்டதாக இருப்பதால் நொக் எட்டிப்பார்க்கிறது. எதிர்த்திசையில் நடந்திருந்தால், அதாவது 70 வீதத்துக்கு எழுதிய மேப்பில் 85 வந்திருந்தால், கலவை மெலிந்திருக்கும். அதன் விளைவு 2 பாகைப் பின்னிழுப்போடு முடிந்திருக்காது.

அந்த நிலையத்தைக் குறை கூற எனக்கு விருப்பமில்லை. ஈ85 என்ற பெயர் ஓர் எண்ணைப் போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு வீச்சு. அமெரிக்கத் தரவிதி அந்தப் பெயரில் 51 முதல் 83 வீதம் வரையான எதனோலை அனுமதிக்கிறது; குளிர்காலத்தில் இயந்திரம் இலகுவில் இயங்கத் தொடங்குவதற்காக அங்கே எதனோலின் பங்கைக் குறைப்பதும் வழமை. பெயரை நம்பி ஒற்றை மேப்போடு காரை அனுப்பியவன் நான். பிழை என்னுடையது.

அன்று மாலையே அவனை வீட்டில் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். அளவுக்குறி போட்ட கண்ணாடிக் குழாயில் 50 மில்லிலீற்றர் நீரையும் 50 மில்லிலீற்றர் எரிபொருளையும் ஊற்றி, மூடி, குலுக்கி, நிற்க விட வேண்டும். எதனோல் பெற்றோலை விட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்துகொள்ளும். பெற்றோல் மட்டும் மேலே மிதக்கும். மேலே 15 மில்லிலீற்றர் நின்றது. மீதி 35, அதாவது 70 வீதம். லொக்கில் படித்ததும் குழாயில் கண்டதும் ஒன்றாகவே இருந்தன.

அதற்குப் பிறகு எதனோல் உணரி ஒன்றை எரிபொருள் வழியில் பொருத்தினோம். எரிபொருள் மின்புலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து அது கலவையைக் கண்டுபிடிக்கிறது. எதனோல் இல்லாதபோது செக்கனுக்கு 50 துடிப்பு, முழு எதனோலுக்கு 150 துடிப்பு. ஆகவே துடிப்பிலிருந்து 50ஐக் கழித்தால் எதனோலின் வீதம் கிடைக்கும். கட்டுப்பாட்டுக் கணினி பெற்றோலுக்கான மேப் ஒன்றையும் எதனோலுக்கான மேப் ஒன்றையும் வைத்துக்கொண்டு, அந்த வீதத்தின்படி இரண்டுக்கும் நடுவே எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூன்றையும் தீர்மானிக்கும். இந்த உணரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது அளக்கும் இயல்பில் பெற்றோலின் எண் ஏறத்தாழ 2, எதனோலின் எண் ஏறத்தாழ 24, நீரின் எண் ஏறத்தாழ 80. எரிபொருளில் சிறிது நீர் கலந்தாலும் எதனோல் கூடுதலாக இருப்பதாகவே உணரி சொல்லும். கணினி டைமிங்கைக் கூட்டும். கண்ணாடிக் குழாயை நாங்கள் இன்னும் தூக்கி எறியாததற்குக் காரணம் இதுதான்.

டைமிங் விடயத்தில் நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 98 ஒக்டேன் பெற்றோலில், முறுக்குவிசை உச்சமடையும் இடத்தில் தீப்பொறியை 5 பாகைக்கு மேல் முற்படுத்துவதை அவனுடைய கார் நொக் இல்லாமல் ஏற்கவில்லை. ஈ85இல் 8 கொடுத்தேன், அமைதி. 11 கொடுத்தேன், அமைதி. 14 கொடுத்தேன்; அப்போதும் நொக் பதிவில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அது வெற்றியாகத் தோன்றியது. டைனோவில் ஏற்றி ஒவ்வொரு பாகையாக அளந்தபோது, 11க்குப் பின் கொடுத்த 3 பாகையும் முறுக்குவிசையில் எதையும் சேர்க்கவில்லை என்பது தெரிந்தது. தீப்பொறியை முற்படுத்துவதால் பயன் கிடைக்கும் எல்லை ஒன்று எல்லா இயந்திரத்துக்கும் உண்டு. அதைக் கடந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளத் தொடங்கும். சிலிண்டரின் அழுத்தம் மட்டும் ஏறும், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கொன்ரொட் அந்தச் சுமையைத் தாங்கும். பெற்றோலில் அந்த எல்லைக்கு வருமுன்பே நொக் நம்மைத் தடுத்துவிடும். எதனோலில் தடுக்க எவரும் இல்லை. கொன்ரொட் வளைவதற்கு முன் அது ஒலி எழுப்பி எச்சரிப்பதில்லை. நொக் இல்லையே என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டு டைமிங்கைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தாழ்ந்த சுழற்சியில் பூஸ்ட் பாய்ந்தெழுவதையும் நாங்கள் அதே காரணத்துக்காக மட்டுப்படுத்தினோம்; கொன்ரொட்டை வளைப்பது பெரும்பாலும் தாழ்ந்த சுழற்சியின் முறுக்குவிசைதான்.

முடிவில் சில்லுகளில் அளந்த வலு 98 ஒக்டேன் பெற்றோலில் 205 கிலோவாட்டாகவும் ஈ85இல் 248 கிலோவாட்டாகவும் நின்றது. டேர்போவையோ இயந்திரத்தின் உட்பாகங்களையோ நாங்கள் மாற்றவில்லை. கூடிய வலு முழுவதும், முன்பு நொக்குக்கு அஞ்சிக் கைவிட்ட டைமிங்கிலிருந்தும் பூஸ்டிலிருந்தும் மீட்டெடுத்தது.

இதையெல்லாம் கேட்ட கொழும்பு நண்பர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, இங்கே இதைச் செய்யலாமா என்பதே. எங்கள் எரிபொருள் நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92 ஒக்டேனும் 95 ஒக்டேனும். ஈ85 விற்கும் நிலையம் கிடையாது. பெல்வத்தை, செவனகல ஆலைகளில் சீனி எடுத்தபின் எஞ்சும் பாகிலிருந்து எதனோல் வடிக்கப்படுகிறது. ஆனால் அது மதுபான உற்பத்தியின் மூலப்பொருள், 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது. 2020 தொடக்கத்தில் எதனோல் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. உரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் கன்னாக்களில் (கேன்களில்) வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது. எவராவது ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்று வந்தால், சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், இயந்திரத்துக்காகவேனும் மறுத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நண்பர் ஒருவர் மறுக்கவில்லை. 660 சிசி டேர்போ கார் வைத்திருப்பவர். எவரோ கொடுத்த ஸ்பிரிட் கன்னா ஒன்றிலிருந்து பத்துக்கு ஒரு பங்கு கலந்தால் ஒக்டேன் கூடும் என்று கணக்குப் போட்டிருந்தார். தாங்கியில் ஊற்றுமுன் என்னிடம் கேட்டது அவருடைய நல்ல காலம். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் 95 ஒக்டேன் பெற்றோலையும் அந்தத் திரவத்தையும் அதே விகிதத்தில் கலந்து குலுக்கி, அவருடைய வீட்டு விறாந்தையில் வைத்தேன். முதலில் பால் போலக் கலங்கியது. தேநீர் குடித்து முடிக்குமுன் அடியில் வேறொரு படை தெளிந்து நின்றது.

காரணம் நீர். சாதாரண முறையில் எவ்வளவு வடித்தாலும் எதனோலை எடையளவில் 95.6 வீதத்துக்கு மேல் தூய்மையாக்க முடியாது. மீதி நீரை அகற்ற வேறு செயன்முறை வேண்டும். பெற்றோலோடு கலப்பதற்கென்று தயாரிக்கப்படும் எதனோல் அப்படி நீர் அகற்றப்பட்டது. பிரேசிலில் நீர் கலந்த எதனோலிலேயே கார்கள் ஓடுகின்றனவே என்று அந்த நண்பர் கேட்டார். ஓடுகின்றன, ஏனென்றால் அங்கே பம்பில் வருவது தனி எதனோல், அதில் நீர் பிரிந்து விழுவதற்குப் பெற்றோல் இல்லை. பத்து வீத எதனோல் சேர்ந்த பெற்றோலோ நூற்றுக்கு அரைப் பங்கு அளவு நீரைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் எதனோலும் நீரும் கைகோத்துத் தாங்கியின் அடியில் இறங்கும், எரிபொருள் பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கொழும்புக் காற்றின் ஈரத்தில் மூடி திறந்து கிடக்கும் எதனோல் கன்னா ஒவ்வொரு நாளும் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து எழுதும் நண்பர்கள் தங்கள் ஈ20 பெற்றோலில் வலு கூடுமா என்று கேட்கிறார்கள். டைமிங்கையும் பூஸ்டையும் அதற்கேற்ப மாற்றாதவரை கூடாது. லீற்றருக்கு ஓடும் தூரம் மட்டும் சற்றுக் குறையும்.

என்னுடைய கார் இன்றும் 95 ஒக்டேனில்தான் ஓடுகிறது. எதனோல் மேப் எழுதியதன் பின் அதன் பெற்றோல் மேப்பை முழுவதுமாக மீண்டும் எழுதினேன்: உள்ளிழுக்கும் காற்று 50 பாகை செல்சியஸைத் தாண்டினால் டைமிங்கையும் பூஸ்டையும் முன்பைவிட விரைவாகக் குறைக்கும்படி. எரிபொருள் அழுத்த உணரியை நானாவின் கராஜில்தான் பொருத்தினேன். பதிவைத் திரையில் பார்த்துவிட்டு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மச்சானின் காரில் இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. குளிரில் எதனோல் இலகுவில் ஆவியாகாது. மெல்பேர்ணின் குளிர்காலக் காலைகளில் முதல் முறை சாவியைத் திருப்பும்போது இயந்திரம் நெடுநேரம் சுழன்ற பிறகே பற்றுகிறது. கொழும்பில் இருந்துகொண்டு அந்தக் குளிரை என்னால் ஊகிக்க முடியாது. தொடக்க எரிபொருள் அட்டவணையில் 10 பாகைக்குக் கீழுள்ள வரிசையைச் சரியாக எழுதுவதற்காக, அடுத்த குளிர்காலத்தில் கார் இரவு முழுவதும் வெளியே நிற்கட்டும், விடியற்காலையில் முதல் தொடக்கத்தை மட்டும் பதிந்து அனுப்பு, எதனோல் வீதத்தையும் குறித்துக்கொள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.